காலர் இல்லாத கழுத்து

ஜாக்கியை முதல் தடவை பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். வீடு மாற்றித் தரும் கம்பெனியில் சாமான் தூக்குபவர்களுக்கெல்லாம் தலைவர் என்றால், ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். வந்து நிற்பவரோ வாசலில் பாதி. லாரிக்கு டயர் மாற்றும்போது குட்டையாக, கனமாக ஒன்றை அடியில் வைத்துத் தூக்குவார்களே, அந்த ஜாக்கிதான் அவருக்குப் பெயராகிவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரும் சேர்ந்து தேடுவார்.

உலகத்தில் உள்ள வேலைகளை ஜாக்கி இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். வித்தை தெரிந்தவன் செய்யும் வேலை. யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை. சாமான் தூக்குவது முதல் வகை. மீதி எல்லாம் இரண்டாம் வகை. லாரி ஓட்டுவதா? சக்கரம் உருளுது, இவன் உட்கார்ந்திருக்கான். கணக்கு எழுதுவதா? மிஷின் கூட்டுது, இவன் பார்க்கிறான். ஒரு தடவை கம்பெனி டிரைவர் கடுப்பாகி, "அப்ப டாக்டர்?" என்று கேட்டார். "மருந்து வேலை செய்யுது, அவர் எங்கய்யா வேலை செய்யறாரு?" என்று ஜாக்கி திருப்பிக் கேட்டார். பாத்திரம் தேய்ப்பது, துணி மடிப்பது, வீடு கூட்டுவது போன்றவை இந்த இரண்டாம் வகையிலும் சேரவில்லை. அவை தானாக நடப்பவை என்பது அவர் எண்ணம்.

இதில் ஒரே ஒரு சிக்கல். இதேபோல ஒரு பிரிவினையை அவர் மனைவியும் வைத்திருந்தார். அதில் ஜாக்கி கடைசி வரிசையில் இருந்தார்.

மனைவிக்குச் சட்டைக் கம்பெனியில் வேலை. காலர் வைப்பவர். சட்டையில் கை, பை, பட்டி எல்லாவற்றையும் யார் யாரோ தைத்துத் தள்ளிவிடுவார்கள். காலர் மட்டும் எல்லாருடைய மிஷினுக்கும் போகாது. இரண்டு நுனியும் ஒரே கூர்மையில் நிற்க வேண்டும், கழுத்தைச் சுற்றும் இடத்தில் சுருக்கம் விழக் கூடாது. அதனால் அவர் கம்பெனியில் 'திறன் பெற்ற தொழிலாளி'. மேலதிகாரியே சொல்லி, எல்லாரும் கை தட்டியது.

"பஸ்ல ஏறினா முன்னாடி நிக்கற ஆம்பளைங்க கழுத்தைத்தான் முதல்ல பார்ப்பேன்" என்று பெருமையாகச் சொல்வார்.

"இதை வெளியில சொல்லாத" என்பார் ஜாக்கி.

"உங்களுக்கு என்ன தெரியும்? இங்க இருக்கறதை எடுத்து அங்க வைக்கறீங்க. நம்ம வீட்டுப் பூனையும் அதைத்தான் செய்யுது, குட்டியை வாயில கவ்வி."

"பூனை மூணாவது மாடிக்கு ஃபிரிட்ஜைக் கவ்வுமா?"

"நீங்க நாள் முழுக்க ஃபிரிட்ஜைத் தூக்குங்க, பீரோவைத் தூக்குங்க. சாப்பிட்ட தட்டைத் தூக்கறீங்களா?"

இந்த இடத்தில் ஜாக்கி எப்போதும் கட்டிலைப் பார்த்து நகர்ந்துவிடுவார். இன்றைக்கு உண்டான கனம் தூக்கியாகிவிட்டது, இனி ஒரு கரண்டி கூட உடம்பு ஏற்காது என்பது அவர் கட்சி. இப்படியே பல வருடமாகக் குடும்பம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்தது.

பிறகு கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்தார்.

இளவயதுப் பெண்மணி. நல்லவர். நல்லவர்கள் வந்தால் முதலில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துவார்கள். அதுதான் அவர்களிடம் உள்ள கஷ்டம். ஒரே வாரத்தில் தொழிலாளிகளை இரண்டாகப் பிரித்துவிட்டார். கண்ணாடிச் சாமானைக் காகிதம் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறவர்கள் 'திறன் உள்ள பிரிவு'. அவர்கள் அதற்கென்று ஒரு வகுப்புக்குப் போய், உட்கார்ந்து, தூங்கி எழுந்து வந்தவர்கள். அவர்களுக்கு நீல நிறத்தில் காலர் வைத்த சட்டை. தூக்குகிறவர்கள் 'பொதுப் பிரிவு'. அவர்களுக்குச் சாம்பல் நிறத்தில், காலர் இல்லாத, வட்டக் கழுத்துப் பனியன்.

ஜாக்கி பனியனை விரித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். உள்ளே எங்காவது காலரை மடித்து வைத்திருப்பார்களோ என்று கையை விட்டுத் தடவினார். நேராக மேனேஜரம்மாவின் அறைக்குப் போனார். பின்னாலேயே நெட்டையும் போனான். அவனும் ஜாக்கியும் ஜோடி. எந்தச் சாமானுக்கும் ஒரு முனையில் ஜாக்கி, மறுமுனையில் நெட்டை. வேலை இல்லாத நேரத்திலும் அந்த இடைவெளியை விடாமல் நடப்பது இருவருக்கும் பழகிவிட்டது.

"மேடம், எங்களுக்குக் கழுத்து இல்லையா?"

மேனேஜரம்மா சிரித்துக்கொண்டே உட்காரச் சொன்னார். "தூக்கறதுல என்ன இருக்கு ஜாக்கி? பலம் இருந்தா போதும். பலம் வேற, திறமை வேற."

"பலமா? இதோ இவன் என்னைவிட ரெண்டு மடங்கு பலசாலி. இவன்கிட்டத் தனியா ஒரு நாற்காலியைக் குடுத்து மாடிக்கு அனுப்புங்க. பாதிப் படியில நாற்காலி இவனைத் தூக்கிட்டு வந்துடும்."

"ஆமாம் மேடம்" என்றான் நெட்டை. பெருமையாகவே சொன்னான்.

"சரி, அப்ப உங்ககிட்ட இருக்கற திறமை எது? சொல்லுங்க. சேர்த்துக்கறேன்."

ஜாக்கி வாயைத் திறந்தார். இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. கைகள் இரண்டும் தானாக எழுந்து, எதையோ பிடித்து, சாய்த்து, திருப்பி, கீழே வைத்தன.

"அது வந்து மேடம்... ஒரு இது."

"எது?"

"அதான். அந்த இது."

"'இது'ன்னு என்கிட்ட ஒரு பிரிவு இல்லையே ஜாக்கி." ஆனால் ஆள் நியாயமானவர். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சனிக்கிழமை நானே வீடு மாறறேன். நீங்க வாங்க. கூட நின்னு பார்க்கறேன். ஒரு பலசாலியால முடியாததை நீங்க செஞ்சு காட்டினா, தூக்கற எல்லாருக்கும் காலர். இல்லேன்னா பனியனைப் போட்டுக்கிட்டு வாயை மூடிக்கணும். சரியா?"

"சரி மேடம்" என்றான் நெட்டை. முந்திக்கொண்டு சொல்லிவிட்டான்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் மனைவி சிரிப்பார் என்று ஜாக்கி எதிர்பார்த்தார். மனைவி சிரிக்கவில்லை. பனியனை வாங்கிக் கழுத்துப் பக்கம் விரலை ஓட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. புருஷனை அவர் என்ன வேண்டுமானாலும் சொல்வார், அது வீட்டு விவகாரம். வெளியில் ஒருத்தி சொல்வதாவது! தவிர, ஊரில் யார் யார் கழுத்துக்கோ நாள் முழுக்கக் காலர் வைக்கிற கை இது. சொந்த வீட்டுக் கழுத்து மட்டும் வெறுங்கழுத்தாக நிற்பதா?

மறுநாளே அதே நீலத்தில் துணி வாங்கி வந்துவிட்டார்.

"எழுந்து நில்லுங்க, அளவெடுக்கணும்."

ஜாக்கி கட்டிலில் படுத்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். "படுத்திருக்கும்போதே எடேன். நின்னா மட்டும் வளர்ந்துடப் போறேனா?"

கட்டிலைச் சுற்றி வந்து அளவெடுத்தார் மனைவி. கையைத் தூக்கச் சொன்னபோது, ரிமோட்டை எடுக்கும் அளவுக்குத் தூக்கினார் ஜாக்கி. சட்டை தயாரானது. காலரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பேப்பர் கிழியும், அப்படி ஒரு கூர்மை. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது ஜாக்கிக்கே தன்னிடம் ஏதாவது உத்தரவு கேட்க வேண்டும் போல இருந்தது.

"சனிக்கிழமை இதைப் போட்டுக்கிட்டுப் போங்க. நானும் வரேன்" என்றார் மனைவி.

"நீ எதுக்கு?"

"இத்தனை வருஷமா என்னதான் கிழிக்கறீங்கன்னு ஒரு நாள் கண்ணால பார்க்கறேனே."

உண்மைதான். ஜாக்கி வேலை செய்து மனைவி பார்த்ததே இல்லை. கட்டிலில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

மேனேஜரம்மாவின் புது வீடு முதல் மாடியில். படி பாதியில் திரும்பும். மேலே போனால் ஒரு குறுகலான நடை. நடையின் கடைசியில் படுக்கையறை. மதியத்துக்குள் மற்ற சாமான் எல்லாம் ஏறிவிட்டது. கீழே லாரிக்குப் பக்கத்தில் ஒன்றே ஒன்று மிஞ்சி நின்றது: மூன்று கதவு வைத்த மர அலமாரி. கழற்ற முடியாதபடி ஒட்டிச் செய்தது. மேனேஜரம்மாவின் அப்பா வாங்கிக் கொடுத்தது. அவர் போனில் முதலில் அலமாரியை விசாரித்துவிட்டு அப்புறம்தான் மகளை விசாரிப்பார்.

"கீறல் விழுந்தா அப்பாவுக்கு நான் பதில் சொல்லணும்" என்றார் மேனேஜரம்மா.

மனைவி தைத்த நீலச் சட்டையோடு ஜாக்கி அலமாரியிடம் போனார். இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்தார். கன்னத்தை மரத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்கிட்ட இப்படி நின்னு எத்தனை வருஷமாச்சு" என்று மனைவி பொதுவாகக் காற்றிடம் சொன்னார்.

ஜாக்கி காதில் வாங்கவில்லை. கைகளை அதே அகலத்தில் அப்படியே வைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து விலகினார். இப்போது அவர் கைகளுக்கு நடுவில் ஒன்றும் இல்லை. ஆனால் கனமாக எதையோ ஏந்தியிருப்பதுபோல முழங்கால் மடிந்திருந்தது. அப்படியே பின்பக்கமாகப் படியேறத் தொடங்கினார். நெட்டை அந்த இல்லாத சாமானின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்தொடர்ந்தான்.

"கொஞ்சம் எறக்கு" என்றார் ஜாக்கி. நெட்டை காற்றைக் கொஞ்சம் இறக்கினான். "இடது." காற்று இடதுபக்கம் திரும்பியது.

"இவங்க என்ன பண்றாங்க?" என்றார் மேனேஜரம்மா.

"எனக்கும் இன்னிக்குத்தான் தெரியும். வெறுங்கையில நடக்கறதுக்குக் கூடச் சம்பளம் குடுக்கறீங்க போல" என்றார் மனைவி.

அதுதான் ஜாக்கியின் முறை. எந்தப் பெரிய சாமானையும் முதலில் காற்றாகத் தூக்கிக்கொண்டு வழி முழுக்க ஒரு நடை போவார். போகும்போது புறங்கை எங்காவது சுவரிலோ கதவிலோ உரசினால் அங்கே சாமான் இடிக்கும் என்று அர்த்தம். சாய்க்க வேண்டும், அல்லது கதவைக் கழற்றி வைக்க வேண்டும். உரசாவிட்டால் வழி சுத்தம். டேப் வைத்து அளக்கச் சொன்னால் கோபம் வரும். டேப்புக்குத் தோள் இருக்கா, அதுக்கு மூச்சு வாங்குமா?

நடையைத் தாண்டிப் படுக்கையறைக் கதவுக்குள் நுழைந்தார். உள்பக்கமாகத் திறந்திருந்த கதவுப் பலகையை அவர் புறங்கை மயிரிழையில் தாண்டியது. "உரசலை" என்றார். "கதவைக் கழட்ட வேண்டாம். எடுடா."

உண்மையான தூக்கலைப் பற்றிச் சொன்னால் நேரில் பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள். பின்பக்கமாகப் படியேறுகிற ஜாக்கி ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. குதிகால் படியைத் தேடவில்லை. படிதான் குதிகாலுக்கு அடியில் வந்து நின்றது. இருவருக்கும் நடுவில் பேச்சும் இல்லை. "ம்" என்றால் போ, "ம்ம்" என்றால் நில். அவ்வளவுதான் அந்த பாஷை. படி திரும்பும் இடத்தில், தூங்கும் குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றுவதுபோல அலமாரி அசங்காமல் திரும்பியது.

கீழே நின்ற மனைவி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலில் ரிமோட்டுக்குக் கை எட்டவில்லை என்று தன்னைக் கூப்பிடுகிற மனுஷனா இது? 'தட்டைத் தூக்க முடியலைன்னு இனிமே சொல்லட்டும்' என்று நினைத்தார். ஆனால் கண்ணில் கொஞ்சம் ஈரமும் இருந்தது. படியில் தூசி என்று சொல்லிக்கொண்டார்.

மேனேஜரம்மா முன்னால் ஓடிப் படுக்கையறைக்குள் போய், "ஜன்னல் பக்கம், ஜன்னல் பக்கம்" என்று இடம் காட்டினார். ஜாக்கி பின்பக்கமாக உள்ளே நுழைந்தார். அலமாரி பாதி நுழைந்தது.

'டொக்.'

"ம்?" என்றான் வெளியே நெட்டை.

"ம்ம்."

"ம்?"

"ம்ஹூம்" என்றார் ஜாக்கி. அந்த பாஷையில் இப்படி ஒரு சொல் இருப்பது நெட்டைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அலமாரி ஒருபக்கம் கதவுப் பலகையிலும் மறுபக்கம் நிலையிலும் சிக்கிக்கொண்டது. முன்னாலும் வராது, பின்னாலும் போகாது. அறைக்குள் ஜாக்கியும் மேனேஜரம்மாவும். வெளியே நெட்டையும், பின்னாலேயே ஏறி வந்த மனைவியும். நடுவில் கதவுக்குப் பதிலாக அலமாரி. மேலே மட்டும் ஒரு சாண் இடைவெளி.

"இதுதானா அந்த 'இது'?" என்றார் மேனேஜரம்மா.

வெளியே ஸ்டூலை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. இடைவெளியில் மனைவியின் கண்கள் தெரிந்தன.

"என்னங்க, மாட்டிக்கிட்டீங்களா?"

"இல்ல, வாடகைக்கு வந்திருக்கேன்."

அந்த நேரம் பார்த்து, நடையில் ஒரு பெட்டி மேல் வைத்திருந்த மேனேஜரம்மாவின் போன் அடித்தது. "ஐயோ, அப்பா! எடுக்காதீங்க!" என்று உள்ளிருந்து அவர் கத்துவதற்குள் மனைவி எடுத்துவிட்டார்.

"வணக்கங்க... ஆமாங்க, வந்துடுச்சு... அலமாரியா? ரொம்பப் பத்திரமா இருக்குங்க. ஒரு அசைவு இல்ல." வைத்துவிட்டு, "பொய் சொல்லலையே" என்றார்.

நெட்டை வெளியிலிருந்து இழுத்துப் பார்த்தான். பலசாலியால் ஆகாத காரியம் என்பது மட்டும் நிரூபணமாயிற்று. ஜாக்கி தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடத்தில் அவர் காற்று பொய் சொன்னதில்லை. காலர் போனது போகட்டும். அந்த 'இது' அவரிடம் எப்போதுமே இருந்ததா, இல்லை இவ்வளவு நாளும் வெறும் அதிர்ஷ்டமா? மனைவி பார்க்க வந்த ஒரே நாளில் இப்படியா?

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "மேடம், பேக்கிங்ல கண்ணாடி உடைஞ்சா நாம என்ன சொல்வோம்?"

"தொழில்நுட்பக் கோளாறு."

"தூக்கறவன் உடைச்சா?"

மேனேஜரம்மா தயங்கினார். "கவனக்குறைவு."

"அப்ப இது எது?"

மேனேஜரம்மா அலமாரியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"எங்க கம்பெனியிலயும் அதே கதைதாங்க" என்றது இடைவெளி. "நான் காலரைக் கோணலா வெச்சா, கழிச்சுத் தூக்கிப் போடுவாங்க. டிசைன் போடறவர் கோணலா வரைஞ்சா அது ஃபேஷன்."

"தொழில்நுட்பக் கோளாறு வந்தா என்ன செய்வீங்க மேடம்?" என்று விடாமல் கேட்டார் ஜாக்கி.

"மீட்டிங் போட்டு, எப்படி நடந்துச்சுன்னு பார்ப்போம்."

"இங்க ரெண்டு பேர் இருக்கோம், நாற்காலி இல்லாட்டியும் பரவாயில்ல. போட்டுடலாமே?"

மேனேஜரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, மீட்டிங். எப்படி நடந்துச்சு? மறுபடி செஞ்சு காட்டுங்க."

ஜாக்கி எழுந்தார். அறைக்குள் நீட்டிக்கொண்டிருந்த அலமாரிப் பாதியைக் கட்டிப் பிடித்தார். அகலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் நடந்தார். மறுபடி வந்தார், மறுபடி நடந்தார். ஒன்றும் புரியவில்லை.

ஸ்டூல் மேல் நின்றவருக்குப் புரிந்துவிட்டது. ஜாக்கி கையை விரிக்கும்போது முதுகில் துணி விறைப்பாக இழுத்தது. அலமாரியை விட்டு விலகியதும், இழுத்த துணி தோளை உள்ளே வாங்கியது. கையின் அகலம் குறைந்தது. எவ்வளவு? இரண்டு விரல். தைக்கிறவர் கண்ணுக்கு இரண்டு விரல் என்பது ஒரு மைதானம்.

சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. சொன்னால், ஜாக்கியின் 'இது' பிழைக்கும்; திறன் பெற்ற தொழிலாளியின் மானம் போகும். மனைவி அரை நிமிடம் பேசாமல் இருந்தார். அவரை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு நீண்ட நேரம் என்று தெரியும்.

"என்னங்க."

"என்ன?"

"சட்டையைக் கழட்டுங்க."

"மேடம் இருக்காங்க!"

"உள்ள பனியன் போட்டிருக்கீங்கல்ல? கழட்டுங்க. முதுகுல புடிக்குது. அலமாரியை விட்டு வந்ததும் கை உள்ள வந்துடுது."

நெட்டைதான் கேட்டான்: "அப்படின்னா தப்பு யாரோடது அண்ணி?"

"காலர் சரியாத்தான் இருக்கு" என்றார் அண்ணி.

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார் ஜாக்கி. குரலில் புது உயிர் வந்திருந்தது. "ஊருக்கே சட்டை தைக்கறவ, சொந்தப் புருஷனுக்கு ரெண்டு விரல் குறைச்சுத் தைச்சான்னு நான் சொன்னேனா?"

"படுத்துக்கிட்டே அளவு குடுத்தது யாரு? நான் கட்டில்ல கிடக்கற ஆளுக்குத்தான் தைச்சேன். அந்த ஆளுக்கு அது கச்சிதமா இருக்கு. இந்த ஆளை நான் இன்னிக்குத்தானே பார்க்கறேன்!"

ஜாக்கி சட்டையைக் கழற்றினார். காலர் கசங்காமல் மடித்து மேனேஜரம்மா கையில் கொடுத்தார். உள்ளே இருந்தது கம்பெனி கொடுத்த சாம்பல் பனியன். எதற்கும் இருக்கட்டும் என்று போட்டு வந்தது. அதோடு அலமாரியைக் கட்டிப் பிடித்தார், விலகினார், கையை அப்படியே கதவுப் பக்கம் கொண்டுபோனார். புறங்கை கதவுப் பலகையில் நன்றாக இடித்தது.

"ஆ!" என்றார் சந்தோஷமாக. "கதவு! கதவைத்தான் கழட்டியிருக்கணும்."

கீல் இருந்தது உள்பக்கம். ஸ்க்ரூ டிரைவரும் சுத்தியலும் இடைவெளி வழியாக வந்தன. நெட்டை வெளியிலிருந்து அலமாரியைத் துளி தூக்கிக் கொடுக்க, ஜாக்கி கீல் ஆணிகளைத் தட்டி எடுக்கத் தொடங்கினார். கடைசி ஆணிக்கு முன்னால் நிறுத்தினார்.

"மேடம், இதை எடுத்தா கதவு சாயும். என் கை ரெண்டும் அலமாரிக்கு வேணும். நீங்க வாங்கிக்கணும்."

"நானா?"

"மீட்டிங்ல வேற யாரும் இல்லையே."

மேனேஜரம்மா சட்டையை ஜன்னலில் போட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

"கையால பிடிக்காதீங்க, போயிடும். இடுப்புல வாங்குங்க. காலை அகட்டி வைங்க. மூச்சை விடாதீங்க... இப்ப விடுங்க. ம்!"

ஆணி வந்தது. கதவு சாய்ந்தது. மேனேஜரம்மா இடுப்பில் வாங்கினார், ஒரு தள்ளாட்டம் தள்ளாடினார், நின்றார். "ம்ம்!" என்றார் தன்னை அறியாமல்.

"ம்" என்றான் வெளியே நெட்டை. ஒரே மூச்சில் அலமாரி உள்ளே வந்து, ஜன்னல் பக்கம் போய், சத்தமில்லாமல் நின்றது. கீறல் இல்லை.

"எல்லாரும் பார்த்தீங்கல்ல? நான் கதவை வாங்கினேன்!" என்றார் மேனேஜரம்மா. தலையெல்லாம் தூசி, முகமெல்லாம் சிரிப்பு. அப்பாவுக்குப் போன் போட்டு அதையே சொன்னார். அலமாரியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டார்.

திங்கட்கிழமை கம்பெனியில் பேக்கிங் ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்தி, "கதவு பிடிக்கறதுன்னா சும்மான்னு நினைக்கறீங்களா? இடுப்புல வாங்கணும். அதுக்கு ஒரு இது வேணும்" என்று நடுவில் நின்று காலை அகட்டிக் காட்டினார். அந்த வாரமே தூக்குகிறவர்கள் எல்லாரும் திறன் உள்ள பிரிவுக்கு வந்துவிட்டார்கள். நீலச் சட்டைகள் வந்தன, காலரோடு.

காலர் கிடைத்தது எதனால் என்று ஜாக்கிக்கு இன்று வரை சந்தேகம். படியேறிய வித்தைக்கா, சிக்கிக்கொண்ட கோளாறுக்கா, இல்லை மேனேஜரம்மா தாமே ஒரு தடவை செய்து பார்த்ததாலா? ஒரு வேலை எப்போது வித்தை ஆகிறது என்றால், பிரித்து வைக்கிறவர் இடுப்பு வலித்த பிறகுதான் போலிருக்கிறது. நெட்டையிடம் கேட்டார். "கழுத்துல வந்து உட்கார்ந்தாச்சு அண்ணே. எதுக்கு அதை எழுப்பிக் கேக்கறீங்க?" என்றான் அவன்.

கம்பெனிச் சட்டையும் முதுகில் பிடித்தது. அதைத் தைத்தவர்களும் கையைத் தொங்கவிட்டு நிற்கிற ஆளுக்குத்தான் தைத்திருந்தார்கள். ஜோடி ஜோடியாகச் சட்டைகள் ஜாக்கி வீட்டுக்கு வந்து குவிந்தன. மனைவி ஒவ்வொன்றாகப் பிரித்து, அக்குளில் ஒரு துண்டு வைத்துத் தைக்கலானார். அளவுக்கு ஜாக்கியைச் சமையலறை நடுவில் நிறுத்தினார்.

"தூக்குங்க."

"எதை?"

"அலமாரியைத்தான்."

ஜாக்கி காற்றைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார். மனைவி முதுகில் டேப் வைத்தார். அளவெடுத்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் இறக்கச் சொல்லவில்லை.

அன்று சாப்பிட்டு முடித்ததும் ஜாக்கி வழக்கம்போலக் கட்டிலைப் பார்த்து நகர்ந்தார்.

"தட்டு" என்றார் மனைவி.

"நான் இப்ப திறன் உள்ள பிரிவு. இதெல்லாம் யார் வேணும்னாலும்..."

"மூணு கதவு அலமாரியை நான் பார்த்தாச்சு. இனிமே கரண்டி கனக்குதுன்னா நம்ப ஆள் இல்ல. யார் வேணும்னாலும் செய்யற வேலைதானே? செஞ்சு காட்டுங்க, நான் கூட நின்னு பார்க்கறேன்."

ஜாக்கி எழுந்தார். வெறுங்கையைத் தட்டு அகலத்துக்கு விரித்துக்கொண்டு, சமையலறை வாசல் வழியாகத் தொட்டி வரைக்கும் ஒரு நடை போய்ப் பார்த்தார். புறங்கை எங்கும் உரசவில்லை. திரும்பி வந்து உண்மைத் தட்டை எடுத்துப் போனார், கண்ணாடி டம்ளர்களையும் எடுத்துப் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. சோப்பு நுரையில் வழுக்கும் விஷயங்களைப் பற்றிக் காற்று அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

'சிலீர்.'

உள்ளிருந்து ஜாக்கியின் குரல் வந்தது: "இந்தா... இது கவனக்குறைவுல வருமா, தொழில்நுட்பக் கோளாறா?"

மனைவி ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"அசையாம அங்கேயே நில்லுங்க, காலுல குத்திக்கப் போறீங்க. மீட்டிங்குக்கு வரேன்."